கிராஃபீன் நானோ நாடாவை இழுத்தால் என்ன ஆகும்? கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்போம்

கோழிக்கூண்டுக்கு அடிக்கிற அறுகோணக் கம்பி வலையை எல்லோரும் பார்த்திருப்போம். கிராஃபீனின் அமைப்பும் அதேதான். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு கார்பன் அணு. அடுத்த அணு 0.142 நானோமீட்டர் தள்ளி இருக்கும். 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் இதைத் தனிப் படலமாகப் பிரித்துக் காட்டினார்கள். மின்சாரத்தை அருமையாகக் கடத்தும். ஆனால் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் எதுவும் இருக்க முடியாத ஆற்றல் பகுதி) கிடையாது, அதனால் டிரான்சிஸ்டராக வைத்தால் முழுசாக அணைக்க முடியாது. ஒடுக்கமான நாடாவாக்கினால் இடைவெளி பிறக்கும். அந்த நாடாவை இழுத்தால் இடைவெளி மாறும். எவ்வளவு மாறும் என்று நாமே கணக்குப் போடலாம். பிளஸ் டூ கணிதம் போதும்.

படி 1: நாடாவைத் தேர்ந்தெடுங்கள்

விளிம்பு இரண்டு வகை: கைவைத்த நாற்காலி வடிவில் மடங்கி வரும் ஆர்ம்சேர், ரம்பப் பல் போல் வரும் ஸிக்ஸாக். இன்றைக்கு ஆர்ம்சேர் மட்டும். ஸிக்ஸாக் நாடாவில் விளிம்பிலேயே தங்கும் எலக்ட்ரான் நிலைகளும் காந்தத்தன்மையும் சேர்ந்துகொள்ளும். இந்த எளிய கணக்கு அதற்குப் பற்றாது.

நாடாவின் அகலத்தில் எத்தனை அணு வரிசை என்று எண்ணுங்கள். அதை ‘அகல எண்’ என்று வைத்துக்கொள்வோம். நாம் எடுப்பது 7. இது கற்பனை நாடா இல்லை. 2010-இல் ஸ்விட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தாரும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் பாலிமர் நிறுவனத்தாரும் சேர்ந்து, தங்கப் பரப்பின் மேல் மூலக்கூறுகளைக் கோத்து இதை அணு பிசகாமல் வளர்த்தார்கள். அகலம் ஏறக்குறைய 0.74 நானோமீட்டர்.

படி 2: இழுத்தால் எந்தப் பிணைப்பு நீளுகிறது?

முக்கியமான படி இதுதான், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். ஆர்ம்சேர் நாடாவில் சில பிணைப்புகள் நாடாவின் நீளவாக்கிலேயே கிடக்கும். அவற்றை நேர்ப் பிணைப்பு என்போம். மற்றவை 60 பாகை சாய்ந்திருக்கும். அவை சாய்வுப் பிணைப்பு.

ஒரு துண்டுக் கம்பி வலையை, முறுக்கிய கம்பிகள் நீளவாக்கில் இருக்கும்படி பிடித்து இழுத்துப் பாருங்கள். கம்பி நீளாது; சாய்ந்த கம்பிகள் திரும்பிக் கொடுக்கும், வலை சட்டென்று அகலத்தில் ஒடுங்கிவிடும். கிராஃபீன் அப்படி ஒடுங்காது. அதன் பாய்சான் விகிதம் சுமார் 0.165 தான். 5 விழுக்காடு இழுத்தால் அகலம் 0.8 விழுக்காடுதான் குறையும். அப்படியென்றால் பிணைப்புகளே நீண்டாக வேண்டும்.

நேர்ப் பிணைப்பு முழுசாக 5 விழுக்காடு நீளும்: 1.05 மடங்கு. சாய்வுப் பிணைப்புக்குப் பிதாகரஸ் தேற்றம். நீளவாக்குக் கூறு 0.5 × 1.05. குறுக்குக் கூறு 0.866 × 0.99175. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.0066. ஒன்று 5 விழுக்காடு, மற்றது 0.7 விழுக்காடு கூட இல்லை! இனி வரப்போகும் எல்லா மாற்றத்துக்கும் இந்த ஏற்றத்தாழ்வுதான் காரணம்.

படி 3: நீளத்தைத் தாவல் ஆற்றலாக மாற்றுங்கள்

எலக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து பக்கத்து அணுவுக்குத் தாவும் எளிமையைக் குறிப்பது தாவல் ஆற்றல். இழுக்காத கிராஃபீனில் அது சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட். பிணைப்பு நீள நீள அடுக்குக்குறி முறையில் குறையும்:

தாவல் = 2.7 × இ-யின் (e = 2.718…) அடுக்கு [−3.37 × (நீள மடங்கு − 1)]

கால்குலேட்டரில் போட்டால் நேர்ப் பிணைப்புக்கு 2.281, சாய்வுப் பிணைப்புக்கு 2.640.

படி 4: இடைவெளியைக் கண்டுபிடியுங்கள்

ஆற்றல் = நேர்த் தாவல் + 2 × சாய்வுத் தாவல் × கொசைன் [180° × க ÷ (அகல எண் + 1)]

‘க’வுக்கு 1 முதல் 7 வரை ஒவ்வொன்றாகப் போடுங்கள். குறியை விட்டுவிட்டு, பூஜ்ஜியத்துக்கு மிக அருகில் வரும் விடையை எடுத்து இரட்டிப்பாக்கினால் அதுதான் ஆற்றல் இடைவெளி. எக்செலில் செய்பவர்கள் கவனியுங்கள்: அது கோணத்தை ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். நான் முதலில் பாகையை அப்படியே கொடுத்துவிட்டு ஒரு மாலை முழுக்கத் தப்பான வளைகோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இழுக்காத நாடாவில் க = 5 தான் மிக அருகில் வரும்: 2.7 − 0.7654 × 2.7 = 0.634. இடைவெளி 1.27 எலக்ட்ரான் வோல்ட். 5 விழுக்காடு இழுத்ததும் 2.281 − 0.7654 × 2.640 = 0.260. இடைவெளி 0.52 ஆகிவிட்டது, பாதிக்கும் கீழே.

படி 5: இன்னும் இழுங்கள்

9 விழுக்காட்டைத் தாண்டியதும் இடைவெளி பூஜ்ஜியமாகும். அதோடு நிற்காது. 10 விழுக்காட்டில் 0.09, 15 விழுக்காட்டில் 0.58 என்று மறுபடி ஏறும். தாளில் வரைந்தால் ‘வி’ வடிவம் வரும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த படம் அதுதான். கிராஃபீன் இவ்வளவு தாங்குமா என்று கேட்பீர்கள். 2008-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிராஃபீன் படலத்தை ஊசிமுனையால் அழுத்திச் சோதித்தபோது, சுமார் 25 விழுக்காடு திரிபில்தான் (அதாவது அந்த அளவு நீண்ட பிறகுதான்) அது உடையும் என்று தெரிந்தது. குறையில்லாத படலத்துக்குத்தான் அந்தக் கணக்கு; விளிம்பில் பழுது இருந்தால் முன்பே கிழியும்.

படி 6: ஒரு வரிசை கூட்டிக் குறைத்துப் பாருங்கள்

அகல எண்ணை 6 ஆக்குங்கள். இழுக்காதபோது 1.33. 5 விழுக்காடு இழுத்தால் குறையவில்லை, 2.02-க்கு ஏறுகிறது! 10 விழுக்காட்டில் திரும்பி 1.56-க்கு இறங்குகிறது. 8 வரிசை நாடா இந்தக் கணக்கில் இடைவெளியே இல்லாமல் தொடங்கி, 5 விழுக்காட்டில் 0.72 ஆகும். ஆகவே ‘இழுத்தால் இடைவெளி கூடுமா, குறையுமா’ என்ற கேள்விக்கு அகலத்தைச் சொல்லாமல் பதில் சொல்லவே முடியாது. அகல எண்ணை 3-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 2 என மூன்று குடும்பம். ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்கு.

படி 7: விடையை எந்த அளவு நம்பலாம்?

போக்கை நம்பலாம், எண்ணை அப்படியே நம்பக் கூடாது. தங்கத்தின் மேல் இருக்கும் 7 வரிசை நாடாவில் அளந்த இடைவெளி 2.3–2.4 எலக்ட்ரான் வோல்ட். நமக்கு வந்ததோ 1.27. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதை நாம் கணக்கில் எடுக்கவில்லை. விளிம்புப் பிணைப்புகள் தாமாகவே சற்றுச் சுருங்கியிருப்பதையும் விட்டுவிட்டோம். அதைச் சேர்த்தால் 8 வரிசை நாடாவுக்கும் தொடக்கத்திலேயே சிறிய இடைவெளி வந்துவிடும்.

இருந்தாலும் 7 வரிசை நாடாவில் ஒரே ஒரு விழுக்காடு இழுத்ததற்கு இடைவெளி 0.16 குறைகிறதே, அதைப் பாருங்கள். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் 0.026 தான். கலப்பில்லாத நாடாவில் மின்சுமைகளின் எண்ணிக்கை 20 மடங்கு அளவுக்கு எகிற இது போதும். திரிபு உணரிக்கு இந்த நாடாக்களைப் பலர் கண்வைப்பது அதனால்தான்.

பயிற்சிக்கு 13 வரிசை நாடாவை எடுங்கள். 7-இன் குடும்பம்தான், ஆனால் அகலம் கூட என்பதால் பூஜ்ஜியம் சீக்கிரமே வந்துவிடும். 5 விழுக்காட்டில் உங்களுக்கு 0.02 பக்கம் வந்தால் கணக்கு சரி.