கோயில் குளத்தின் வரத்து வாய்க்காலை மீட்பது எப்படி?

கோயிலுக்கும் ஏரிக்கும் தர்மம் எழுதிவைத்தவர்கள், நிலவும் சூரியனும் உள்ளவரை அது நடக்க வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள். ‘இத்தன்மம் ரக்ஷித்தான் ஸ்ரீபாதம் என் தலைமேலது’ என்றும் சேர்த்தார்கள். அந்தத் தர்மத்தைக் காக்கப்போகும், முகம் தெரியாத, இனிமேல் பிறக்கப்போகும் ஒருவரின் பாதத்தைத் தலையில் தாங்கிய பக்தி அது. அந்த ஒருவராக இருக்க விரும்புகிறவர் மண்வெட்டியை எடுக்குமுன் காகிதத்தைத் தேட வேண்டும்.

தூர்வாரிய குளம் மறு வருடமும் வறண்டு கிடந்தால், முதலில் பார்க்க வேண்டியது அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலை. குளத்துக்கும் வாய்க்காலுக்கும் தனித்தனிப் புல எண் இருக்கும். இரண்டுக்கும் அ-பதிவேடு (நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் கிராமக் கணக்கு), புலப்படம் (நில அளவைப் படம்) இவற்றின் நகல் வாங்குங்கள். வாய்க்கால் யார் பெயரிலோ பட்டாவாகக் காட்டினால் அதோடு நின்றுவிடாதீர்கள். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர் திட்டத்தின் பதிவுகளில் பிழைகள் நேர்ந்ததுண்டு. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்டம்) பதிவேட்டையும் கேளுங்கள்.

தரவில்லையா? தகவல் உரிமை மனு, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாளில் பதில். ‘ஆக்கிரமிப்பை ஏன் அகற்றவில்லை?’ என்று கேட்டால், அது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். ‘இன்ன புல எண்ணின் கடைசி அளவீட்டு அறிக்கை நகல் தேவை’ என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அடுத்த கனமழையில் புலப்படத்தோடு வாய்க்காலோரம் நடந்து பாருங்கள். அடைப்பு எப்போதும் வீடோ சுவரோ அல்ல. சாலைக்கு அடியில் போட்ட குழாய் வாய்க்கால் தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தாலே போதும். சிறு மழைத் தண்ணீர் குளத்தை எட்டாது, பின்னால் தேங்கித் தெருவுக்குள் ஏறும். கொத்தனாரின் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) கொண்டு இரு முனையையும் அளந்து, அளவோடு படம் எடுத்து வையுங்கள்.

பிறகு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் புல எண்ணும் பரப்பும் இருக்க வேண்டும். பதிவேட்டில் எழுதி வாசிக்கும்வரை எழுந்து போகாதீர்கள். நகலை இணைத்து, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். குளம் அறநிலையத் துறைக் கோயிலுடையது என்றால் இணை ஆணையருக்கும் ஒன்று; கோயில் நில ஆக்கிரமிப்புக்கு 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 78ஆவது பிரிவு இருக்கிறது. கோயில் செயல் அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் குளத்தில் இயந்திரம் இறக்காதீர்கள்.

வாய்க்கால்மேல் குடிசை போட்டிருப்பவர் பெரும்பாலும் வேறு போக்கிடம் இல்லாதவர். அவருக்கு மாற்று மனை வேண்டும் என்பதும் அதே தீர்மானத்தில் வரட்டும். பேரப்பிள்ளைகளுக்கான நீதி இன்றைய ஏழையின் கூரையைப் பிய்த்துக் கிடைக்கக் கூடாது.

தூர்வாரும்போது வண்டலை மட்டும் அள்ளுங்கள். அடியிலுள்ள களிமண்ணைக் கிழித்தால் தண்ணீர் நிற்காது. தரைக்கு சிமென்ட் பூசினால் ஊர்க் கிணறுகளுக்கு ஊற்று போகாது. சாக்கடையைத் திருப்பிவிடாமல் வாய்க்காலைத் திறக்கவே வேண்டாம்.

தண்ணீர் வந்ததும் படித்துறையில் யார் இறங்கலாம் என்ற பேச்சு கிளம்பக்கூடும். பொதுக் குளத்திலும் படித்துறையிலும் சாதி சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. அந்த வரியைப் படித்துறைப் பலகையில் முதல் நாளே எழுதிவிடுங்கள்.