வழி தப்ப வைக்கும் தவறுகள்

போன வாரம் புதியவர்கள் சிலரோடு மலையேறினேன். வரைபடமும் திசைகாட்டியும் அவர்கள் கையில், நான் பின்னால். ஒரு தம்பி கண்ணில் பட்ட மேட்டைக் காட்டி, "இதுதான்ணா மேப்ல இருக்கிற குன்று" என்றான். எனக்குப் பகீரென்றது. நானும் ஒருகாலத்தில் இதையே சொன்னவன். மேப்பைத் தலைகீழாகப் பிடிப்பதெல்லாம் நாலு நடையில் சரியாகிவிடும், அதை விடுகிறேன்.

நிலத்தை மேப்புக்குள் திணிப்பது

கண்ணில் பட்டதை மேப்பில் இருப்பதோடு வலிந்து பொருத்திவிடும் இந்தத் தவறை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. ஒருகாலத்தில் நானே இதைச் செய்த அன்று, அடுத்த ஓடை மேப்பில் 6 செ.மீ. தள்ளி இருந்தது. 1:50,000 அளவு மேப் (1 செ.மீ. என்றால் நிலத்தில் அரை கி.மீ.), அதாவது 3 கி.மீ. எங்கள் நடைக்கு 45 நிமிடம். ஆனால் 20 நிமிடத்திலேயே ஓர் ஓடை வந்தது. "வேகமா நடந்துட்டோம்" என்றேன். மேப்பில் ஓடை இடமிருந்து வலமாக இறங்குகிறது, காலடியில் தண்ணீர் வலமிருந்து இடமாக ஓடியது. அதைக் கண்ணால் பார்த்தும், "மேலே எங்கோ வளைஞ்சு வருது" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது வேறு ஓடை. தவறான பள்ளத்தாக்கில் இறங்கி, 3 மணி நேரம் அலைந்து, இருட்டில் தட்டுத்தடுமாறித் திரும்பினோம். என்னை நம்பி வந்தவர்களிடம் குடிக்கத் தண்ணீர்கூட மிச்சமில்லை.

ஆகவே கிளம்பும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: அடுத்து என்ன வரும், எத்தனை நிமிடத்தில், ஏற்றமா இறக்கமா, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும். வந்து பார்க்கும்போது ஒன்று ஒத்துப்போய் இன்னொன்று இடித்தால், இடிப்பதை நம்புங்கள். கடைசியாகச் சந்தேகமில்லாமல் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். அன்று திரும்பியிருந்தால் எங்களுக்கு 20 நிமிடம்தான் போயிருக்கும்.

அந்தத் தம்பியிடம், "கிளம்பி எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தான், மேப்பை விரல்களால் அளந்தான், பேசாமல் வந்த வழியே நடந்தான்.

காந்த வடக்கை மறப்பது

முள் காட்டும் வடக்கும் மேப்பின் வடக்கும் ஒன்றல்ல. வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும், ஆண்டுக்கு ஆண்டும் நகரும். மேப்பின் ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள், எந்த ஆண்டுக் கணக்கு என்றும் பாருங்கள். 10 டிகிரி பிசகினால் 1 கி.மீ. நடப்பதற்குள் சுமார் 175 மீட்டர் விலகியிருப்பீர்கள்.

திசைகாட்டியைப் போனோடு சேர்த்துப் பிடிப்பது

முள் விலகும். தள்ளி வையுங்கள்.

சிக்னல் போனால் ஜிபிஎஸ்ஸும் போச்சு என்று நினைப்பது

போகாது, அது செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. போனில் மேப் மட்டும்தான் டவுன்லோட் ஆகாது. வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.