கான்ஸ்டன்டைன் காலத்து வெண்கலக் காசைப் படிப்பது எப்படி?

ரோமானியக் காசு படிக்கப் பழகுபவர்கள் 'குளோரியா எக்ஸர்சிட்டுஸ்', அதாவது 'படையின் பெருமை' என்ற வகையில் தொடங்குவது நல்லது. ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைனும் அவர் மகன்களும் ஆண்ட கி.பி. 330 முதல் 341 வரை பேரரசெங்கும் ஏராளமாக அடிக்கப்பட்ட காசு இது. பத்து மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, மேசை விளக்கு, டிஸ்டில்டு வாட்டர், மூங்கில் பல்குச்சி போதும்.

1. மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, தினமும் நீரை மாற்றுங்கள். இளகிய மண்ணைப் பல்குச்சியால் நெம்புங்கள். புளி, எலுமிச்சை, வினிகர் வேண்டவே வேண்டாம். 1,600 ஆண்டுகளில் எழுத்தின் விளிம்பெல்லாம் களிம்பாகவே மாறியிருக்கும். அமிலம் களிம்பைத் தின்றால் எழுத்தும் போய்விடும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது வேறு: குளோரைடு அரிப்பு. ஈரம் பட்டால் பெருகும். அந்தக் காசைத் தனியாக, சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள்.

2. முகம் உள்ள பக்கத்துக்கு முன்பே பின்புறத்தைப் பாருங்கள். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்யுங்கள். இரு வீரர்கள் எதிரெதிரே நிற்பார்கள். வெளிக்கையில் ஈட்டி, உள்கை கேடயத்தின் மேல். நடுவே படைக்கொடிக் கம்பங்களை எண்ணுங்கள். இரண்டு என்றால் 330–335, எடை சுமார் 2.5 கிராம். ஒன்று என்றால் 335–341, எடை ஒன்றரை கிராம் அளவு. காசைச் சிறிதாக்கியபோது ஒரு கம்பத்தை எடுத்துவிட்டார்கள். கரூரிலும் இலங்கையிலும் கிடைக்கும் நான்காம் நூற்றாண்டு ரோமானியக் காசுகள் பெரும்பாலும் தேய்ந்தவை. எழுத்து அழிந்த காசில் இந்த எண்ணிக்கைதான் கைகொடுக்கும்.

3. இப்போது முகம். சாயலை நம்பாதீர்கள், தந்தையும் மகன்களும் ஒரே அச்சாக இருப்பார்கள். லத்தீன் எழுத்து இடது கீழிருந்து வலஞ்சுழியாக ஓடும். சொற்களுக்கிடையே இடைவெளி இருக்காது, 'யு' இருக்க வேண்டிய இடத்தில் 'வி' நிற்கும். 'ஏவிஜி' (AVG) என்பது பேரரசர் பட்டத்தின் சுருக்கம். 'எம்ஏஎக்ஸ் ஏவிஜி' (MAX AVG) என்று முடிந்தால் கான்ஸ்டன்டைன். 'என்ஓபி சி' (NOB C) என்றால் இளவரசப் பட்டமான சீசர். தலையில் பெரும்பாலும் இலை மாலை. வெறும் 'ஏவிஜி', ஒற்றைக் கம்பம் என்றால் 337இல் தந்தை இறந்தபின் பேரரசரான மகன்களில் ஒருவர்.

4. வீரர்களின் காலடிக் கோட்டுக்குக் கீழே அக்கசாலைக் குறி, அதாவது காசு அடித்த ஊரின் அடையாளம். 'டிஆர்' (TR) என்றால் இன்றைய ஜெர்மனியின் ட்ரியர், 'எஸ்எம்ஏஎன்' (SMAN) என்றால் இன்றைய துருக்கியின் அந்தியோக்கியா. பலரும் தடுமாறுவது 'சிஓஎன்எஸ்' (CONS) குறியில்தான். அதற்குப் பின்னால் ஒரு கிரேக்க எழுத்து வந்தால் கான்ஸ்டான்டினோப்பிள், இன்றைய இஸ்தான்புல். முன்னால் 'பி' (P) அல்லது 'எஸ்' (S), முடிவில் 'டி' (T) என்றால் பிரான்சின் ஆர்ல். அச்சு விலகிக் குறி பாதி வெட்டுப்பட்டிருந்தால் ஊகிக்காமல், தெரியும் எழுத்தை மட்டும் குறித்து வையுங்கள்.