சின்ன ஜிக் ஃபிளை கட்டுறது எப்படி

புளூகில், கிராப்பி, பாஸ்னு மூணு மீனுக்கும் ஒரே ஃபிளை (முள்ளுல இறகு, நூல் சுத்தி செய்ற போலி இரை) கட்டணும்னா நான் மாரபூ ஜிக்கைத்தான் சொல்லுவேன். 10 இல்ல 12 சைஸ் ஜிக் முள் (கண்ணு கிட்ட வளைஞ்ச தூண்டில் முள்), ஸ்லாட் வச்ச டங்ஸ்டன் பீட் (ஒரு பக்கம் வெட்டு உள்ள கனமான உலோக மணி), 6/0 அளவு கட்டுற நூல், மாரபூ இறகு (பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கும்), மெல்லிசா ஷெனீல் (மொசுமொசுன்னு இருக்கிற நூல்), இவ்ளோதான் வேணும்.

பீடோட சின்ன ஓட்டை முதல்ல போற மாதிரி முள் முனை வழியா ஏத்துங்க, ஸ்லாட் பின்பக்கம் பாக்கணும், அப்பதான் கண்ணு (தூண்டில் நூல் கோக்குற ஓட்டை) கிட்ட இருக்கிற வளைவுல சரியா உக்காரும். பின்னாடி நூலை இறுக்கி சுத்தி அசையாம பண்ணிடுங்க.

அடுத்து மாரபூவால கட்டுற வால், அதுதான் உயிரே. விரலை நனைச்சுட்டு மாரபூவைப் பிடிச்சா பறக்காது. முள்ளோட தண்டு நீளத்துக்கு மேல விடாதீங்க, விட்டா புளூகில் வாலை மட்டும் கடிச்சு இழுக்கும், முள்ளு வாயில ஏறாது. நீளமாயிட்டா கத்திரி வேணாம், நகத்தால கிள்ளுங்க, வெட்டினா நுனி மொட்டையாகி தண்ணியில அந்த நெளிவு போயிடும்.

அப்புறம் ஷெனீலை பீட் வரைக்கும் நெருக்கமா சுத்தி, விப் ஃபினிஷ் (நூல் அவிழாம இருக்க போடுற கடைசி முடிச்சு) போட்டு, அது மேல ஒரு சொட்டு ஹெட் சிமெண்ட் (முடிச்சை ஒட்டுற பசை). பாஸுக்கு இன்னும் பெரிய முள்ளு, 6 இல்ல 8 சைஸ்ல (நம்பர் குறைஞ்சா முள் பெருசு) கருப்பு, ஆலிவ் கலர்ல கட்டுங்க. முள் முனை மேல பாத்து போறதால அடியில மாட்டுறது குறைவு, தைரியமா கீழ வரைக்கும் இறங்க விட்டு மெதுவா இழுங்க.