பாங்காக் ஆற்றங்கரைக் கோவில்கள்: முதல் முறை போகிறவர்களுக்குப் படகில் ஒரு நாள்

பாங்காக்குக்கு முதல் தடவை போகிறவர்கள் பலரும் அரை நாள் கோவில் டூர் ஒன்றை வாங்கி, ஏசி வேனில் உட்கார்ந்து, அதில் பாதி நேரத்தை சிக்னலிலேயே கழித்துவிட்டு வருகிறார்கள். நானும் முதல் பயணத்தில் அதைத்தான் செய்தேன். 1782இல் முதலாம் ராமா மன்னர் இந்த ஊரைத் தலைநகராக்கியபோது போக்குவரத்தெல்லாம் தண்ணீரில்தான், அதனால் கோவில், அரண்மனை, கோட்டை, சர்ச் எல்லாமே சாவ் பிரயா ஆற்றை ஒட்டியே எழும்பின. ஆற்றுவழியாகப் போனால்தான் எது எதற்குப் பக்கத்தில், ஏன் அங்கே என்பது புரியும்.

படி 1: முந்தின நாள் இரவே செய்ய வேண்டியது

தோளும் முழங்காலும் மூடுகிற உடையை எடுத்து வையுங்கள், ஆண்களுக்கும் இதேதான். முக்கால் பேன்ட்டோடு போய் ஒரு வாசலில் திரும்பி, யானை படம் போட்ட தொளதொள பேன்ட் ஒன்றை அவசரமாக வாங்கி மாட்டிக்கொண்ட போட்டோ என்னிடம் இன்னும் இருக்கிறது, காட்ட மாட்டேன். எளிதாகக் கழற்றும் செருப்பு, தண்ணீர் பாட்டில், 20 பாட் நோட்டுகள் கொஞ்சம். போதும்.

படி 2: காலை ஏழரைக்கு சபான் தாக்சின்

இது பறக்கும் ரயில் நிலையம். இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. படகு ஏறுமுன் பக்கத்தில் இருக்கும் வாட் யன்னாவாவுக்குள் பத்து நிமிடம் போய் வாருங்கள் ('வாட்' என்றால் கோவில்). உள்ளே கப்பல் வடிவத்திலேயே ஒரு கட்டடம் நிற்கும். சீனாவோடு வணிகம் செய்த பாய்மரக் கப்பல்கள் மறைந்துபோகும், பின்னால் வருகிறவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக மூன்றாம் ராமா கட்டியது. இந்தக் கப்பலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

துறையில் சுற்றுலாப் படகுக்குத்தான் சத்தமாகக் கூப்பிடுவார்கள். நீங்கள் தேட வேண்டியது ஆரஞ்சுக் கொடி கட்டிய சாதாரணப் படகு. நான் போனபோது எங்கே இறங்கினாலும் 16 பாட். படகு துறையில் சில நொடிதான் நிற்கும், கயிறு போட்டதும் ஏறிவிட வேண்டும். பிக்குகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் உட்காராதீர்கள்; பெண்கள் அவர்கள் மேல் படாமல் நிற்பது அங்கே மரியாதை.

படி 3: படகில் எந்தப் பக்கம் பார்ப்பது

போனை உள்ளே வைத்துவிடுங்கள். வலது கரையில் முதலில் ஹோலி ரோசரி சர்ச். நினைவுப் பாலத்தைத் (1932இல் திறந்தது) தாண்டியதும் இடது கரையில் சாண்டா குரூஸ் சர்ச்சின் கூம்பு தெரியும். 1767இல் பழைய தலைநகரான அயுத்தயா பர்மியரிடம் வீழ்ந்தபின் தக்சின் மன்னர் இந்த இடது கரையில், தோன்புரியில், தலைநகர் அமைத்தார், அப்போது தன்னோடு நின்ற போர்ச்சுகீசியருக்குக் கொடுத்த நிலம் அது. இப்போதைய கட்டடம் 1916இல் எழுந்தது. அடுத்து வாட் கல்யாணமித், உள்ளே பிரம்மாண்டமான அமர்ந்த புத்தர், சீனர்கள் கூட்டமாக வந்து கும்பிடுவார்கள். அதே பகுதியில் கால்வாய்க் கரையில் தாய்லாந்துப் பாணியில் கட்டிய மசூதி ஒன்றும் இருக்கிறது. நேரம் இருந்தால் இந்தக் கரைக்கு இன்னொரு நாள் தனியாக வாருங்கள். என்னைக் கேட்டால் அரண்மனையைவிட இந்தச் சந்துகள்தான் பிடித்தது.

இன்னொன்று, இந்த இடத்தில் நீங்கள் போவது இயற்கையான ஆறே இல்லை. பழைய ஆறு மேற்கே பெரிய வளைவாகச் சுற்றிப் போனது. அயுத்தயா காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், கப்பல்களுக்குக் குறுக்குவழியாக ஒரு கால்வாய் வெட்டினார்கள், வெள்ளம் அதை அகலமாக்கி ஆறாக்கிவிட்டது. பழைய ஆறு இன்று கால்வாய்!

படி 4: தா சாங்கில் இறங்கி அரண்மனை

'தா' துறை, 'சாங்' யானை. யானைகளைக் குளிப்பாட்டக் கொண்டுவந்த துறை. கேட்டுக்குப் போகிற வழியில் நல்ல உடை போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே "இன்று அரண்மனை மூடியிருக்கிறது" என்று சொல்லி, குறைந்த காசில் டுக்டுக் பிடித்துத் தருவதாகச் சொல்வார். நம்பாதீர்கள், வண்டி நகைக்கடையில்தான் போய் நிற்கும். நேராகக் கேட்டுக்குப் போங்கள். நுழைவு 500 பாட், காலை எட்டரைக்குத் திறக்கும், மாலை மூன்றரைக்கு டிக்கெட் நின்றுவிடும். பத்து மணிக்குமேல் வெயிலும் கூட்டமும் தாங்காது.

உள்ளே கோவிலில் இருக்கும் மரகத புத்தர் சிலை உண்மையில் மரகதம் இல்லை, பச்சைக் கல். உயரம் 66 செ.மீ. மட்டுமே. வெயில், மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கும் மன்னரே உடை மாற்றுவார். அப்புறம் சுற்று மண்டபத்தைத் தவறவிடாதீர்கள்: 178 சுவரோவியங்களில் ராமகியன், அதாவது அவர்கள் ராமாயணம். ராவணன் அங்கே தோட்சகான் (தசகண்டன்தான்), பச்சை நிறம். அனுமன் பிரம்மச்சாரி இல்லை, ராவணனின் மகளான கடற்கன்னியையே காதலிக்கிறார். நம் ஊர்ப் பாட்டிகளோடு போனால் விளக்கம் சொல்லத் தயாராக இருங்கள்.

படி 5: வாட் போ

தெற்கே நடந்தே போகலாம். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர், பாதத்தில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். பின்பக்கச் சுவரோரம் 108 உலோகக் கிண்ணங்களில் காசு போடும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். வாசல்களில் நிற்கும் கல்லாலான சீனக் காவலர்கள் எப்படி வந்தார்கள் என்றால், காலையில் பார்த்த மாதிரிக் கப்பல்களில், கப்பல் சாயாமல் இருக்க வைக்கும் அடிப்பாரமாக. கால் வலித்தால் தாய் மசாஜ் கற்றுத்தரும் பள்ளியும் இதே வளாகத்தில்தான்.

படி 6: 5 பாட் கொடுத்து அக்கரை

தா தியன் துறையில் இருந்து குறுக்குப் படகு, இரண்டு மூன்று நிமிடம். வாட் அருண், அதாவது விடியல் கோவில், நம் அருணன் பெயர்தான். தக்சின் காலத்தில் மரகத புத்தர் இருந்தது இங்கேதான், ஆற்றுக்கு அந்தப்பக்கம் தலைநகர் மாறியதும் சிலையும் போய்விட்டது. கோபுரத்தை நெருங்கிப் பாருங்கள், உடைந்த சீனத் தட்டு, கிண்ணம், சிப்பி எல்லாவற்றையும் பூவாகப் பதித்திருக்கிறார்கள். அந்தப் பீங்கானும் அதே கப்பல்களில் வந்தது என்றுதான் சொல்வார்கள். மாடத்தில் மூன்று தலை யானைமேல் இந்திரன். படிகள் செங்குத்து, ஏறுவதைவிட இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. அரண்மனையில் இருந்து கிழக்கே, சிவப்பு நிறப் பெரிய ஊஞ்சல் கம்பத்துக்குப் பக்கத்தில் தேவஸ்தான் என்ற பிராமணர் கோவில் இருக்கிறது. அங்கே நடக்கும் விழாவின் பெயர் திரியம்பாவை திரிபாவை. ஆமாம், திருவெம்பாவையும் திருப்பாவையும்தான், வார்த்தைகள் உருமாறிப் போய் மந்திரமாகவே ஓதுகிறார்கள். ஊஞ்சல் ஆடுவதை மட்டும் 1935இல் நிறுத்திவிட்டார்கள்.

படி 7: ஐந்தரைக்குத் திரும்பி இக்கரை

பெயர்தான் விடியல் கோவில், பார்க்க வேண்டியது சாயங்காலம். சூரியன் வாட் அருணுக்குப் பின்னால் இறங்குவதால் காட்சி தா தியன் பக்கத்தில் இருந்துதான் கிடைக்கும். மாடிக் காபிக் கடைகள் விலை அதிகம், துறையில் நின்றாலே போதும். இருட்டினதும் கோபுரத்துக்கு விளக்குப் போடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஆரஞ்சுப் படகைத் தவறவிடுவீர்கள், பரவாயில்லை, பக்கத்திலேயே சனாம் சாய் மெட்ரோ இருக்கிறது.