பண்ணைக் கேவியர்: வகையறிந்து வாங்குவதும் கெடாமல் வைப்பதும்

கேவியர் என்பது ஸ்டர்ஜன் மீனின் உப்பிட்ட சினை. 1998 முதல் ஸ்டர்ஜன் இனங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகமும், அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களைக் காக்கும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதால், இன்று டெல்லியின் இறக்குமதி உணவுக் கடைகளில் முறையாகக் கிடைப்பது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த மீனின் சினையே. அதை உலகில் மிகுதியாக உற்பத்தி செய்வது சீனா.

விலை வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் மீன் சினைப்பிடிக்க எடுத்துக்கொள்ளும் காலம். பெலுகா வகை ஸ்டர்ஜன் முதிர்வதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம் என்பதால் அதன் பெரிய சாம்பல்நிற மணிகள் மிக விலையுயர்ந்தவை. சைபீரிய ஸ்டர்ஜன் அதில் ஏறக்குறைய பாதிக் காலத்திலேயே முதிர்ந்துவிடும். மணி சிறியது, நிறம் கருமை, விலையும் குறைவு. ஒசெட்ரா வகை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பழுப்பு முதல் பொன்னிறம் வரை இருக்கும், கொட்டைப்பருப்பை நினைவூட்டும் சுவையுடையது. சீனப் பண்ணைகளிலிருந்து வரும் கலுகா கலப்பினமும் பெரிய மணிகளுடையது. முதன்முறை வாங்குவோருக்கு சைபீரிய வகையின் 30 கிராம் டப்பாவே போதும் என்பது என் கருத்து.

டப்பாவின் அடியில் உள்ள குறியீட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள். முதல் மூன்று எழுத்துகள் இனத்தைக் குறிக்கும்: 'எச்யுஎஸ்' பெலுகா, 'ஜியுஇ' ஒசெட்ரா, 'பிஏஇ' சைபீரியன். அடுத்து வரும் 'சி' பண்ணையில் பிறந்து வளர்ந்ததையும், 'டபிள்யூ' இயற்கை நீர்நிலையில் பிடித்ததையும் காட்டும். அதன்பின் நாடும் ஆண்டும் வரும். இறக்குமதியாளரின் பெயரும் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் இல்லாத டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வைப்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். கருவாடு வெளியில் கெடாமல் இருப்பது உப்பாலும் உலர்த்துவதாலும். 'மலோசோல்' எனப்படும் குறைவாக உப்பிட்ட கேவியரிலோ உப்பு ஏறக்குறைய 3 முதல் 5 சதவீதம் மட்டுமே, ஈரமும் அப்படியே இருக்கிறது. ஆகவே அதைக் காப்பது குளிர் ஒன்றுதான். உகந்த வெப்பநிலை மைனஸ் 2 முதல் பிளஸ் 2 டிகிரி வரை. வீட்டுக் குளிர்பெட்டி பொதுவாக அதைவிடச் சூடாகவே இருப்பதால், டப்பாவை நீர் புகாத பையில் இட்டு, பனிக்கட்டி நிரம்பிய கிண்ணத்தில் புதைத்து, குளிர்பெட்டியின் பின்புறம் வைத்து, உருகிய நீரை நாள்தோறும் வடித்துப் புதுப் பனிக்கட்டி இடுங்கள். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. உறைந்து உருகும்போது மணிகளின் மென்தோல் கிழிந்து கூழாகிவிடும்.

டெல்லியின் மே, ஜூன் மாத வெயிலில் கடையிலிருந்து வீடு வரும் நேரமே பெரிய ஆபத்து. மற்றவற்றை வாங்கி முடித்தபின் கடைசியாக இதை வாங்கி, பனிக்கட்டி இட்ட தெர்மோகோல் பெட்டியில் நேரே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மின்தடை ஏற்பட்டாலும் அதே பெட்டி உதவும்.

திறக்காத டப்பாவுக்கு அதில் அச்சிட்ட தேதியே எல்லை. திறந்தபின் மணிகளின் மேற்பரப்பை ஒட்டியவாறு பிளாஸ்டிக் தாள் போர்த்தி மூடி, இரண்டு மூன்று நாட்களுக்குள் உண்டு முடியுங்கள். வெள்ளிக் கரண்டி சுவையைக் கெடுக்கும். சிப்பி, மரம் அல்லது பிளாஸ்டிக் கரண்டி நல்லது. புளிப்பு வாடையோ பிசுபிசுத்த வெண்ணீரோ கண்டால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். பாஸ்டரைஸ் செய்யாத கேவியரில் லிஸ்டீரியா கிருமி இருக்க வாய்ப்புண்டு என்பதால், கர்ப்பிணிகளுக்கு அதைப் பரிமாற வேண்டாம்.