பழைய காரின் மீட்டர் விளக்குகள்: பழுது பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் வாங்கிய சில வாரங்களில் மீட்டரில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), பவர் ஸ்டீயரிங், இன்ஜின் என்று மூன்று நான்கு எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரியத் தொடங்கினால், அத்தனை பாகங்களும் கெட்டுவிட்டதாகவே பலரும் பதறுகிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பாகங்கள் ஒரே நாளில் பழுதாவது அரிது. அவை அனைத்துக்கும் பொதுவாக இருப்பது பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம். அதை அளந்து பார்க்காமல் மீட்டரையோ, பாகங்களை இயக்கும் கணினிப் பெட்டியான கண்ட்ரோல் யூனிட்டையோ மாற்றச் சம்மதிப்பதுதான் பணத்தை அதிகம் விழுங்கும் தவறு.

"ஹாரன் அடிக்கிறதே, ஹெட்லைட் எரிகிறதே, பேட்டரி எப்படிப் போயிருக்கும்?" என்ற கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், செல்ஃப் எடுக்கும் அந்த இரண்டு நொடிகளில்தான் பேட்டரியின் உண்மையான வலு தெரியும். இரவு முழுவதும் நின்ற காரில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால் அது ஏறக்குறைய வற்றிவிட்டது என்று பொருள். செல்ஃப் எடுக்கும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், கண்ட்ரோல் யூனிட்டுகள் ஒரு கணம் தடுமாறி, இல்லாத பழுதுகளைப் பதிவு செய்யக்கூடும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். சில நூறு ரூபாய் மல்டிமீட்டரே இதற்குப் போதும்.

பேட்டரி சரியாக இருந்தால் அடுத்து, அதன் நெகட்டிவ் முனையைக் காரின் பாடியோடு இணைக்கும் எர்த் வயர். கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரிக் கடற்கரைப் பகுதியிலோ ஆண்டுக்கணக்கில் வெளியில் நின்ற காரில், உப்புக் காற்றினால் எர்த் வயர் பாடியோடு சேரும் இடம் துருவும் பச்சைக் களிம்பும் ஏறிக் கிடக்கும். ஹெட்லைட்டைப் போட்டால் பெட்ரோல் முள் நகர்வது, இண்டிகேட்டரோடு சேர்ந்து வேறொரு விளக்கு மினுக்குவது போன்ற விசித்திரங்கள் பெரும்பாலும் இதன் வேலைதான். விளக்குகளைப் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும் இடையே அளந்து, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற கார் தனிக் கதை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும் இப்பகுதியில் தண்ணீரில் நின்ற கார்கள் ஏராளம். "காய்ந்துவிட்டது, இப்போது நன்றாக ஓடுகிறது" என்று நம்பி வாங்குவது தவறு. கார்பெட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர்களில் அரிப்பு மாதக்கணக்கில் மெல்லப் பரவும். டி.என். 31 ஆனாலும் பி.ஒய். 01 ஆனாலும், அந்த வாரத்தில் கார் எங்கே நின்றது என்பதை நம்பர் பிளேட் சொல்லாது. கார்பெட்டைத் தூக்கி, சீட் தண்டவாளத்தில் துருவும் ஃபியூஸ் பெட்டி மூலையில் வண்டலும் இருக்கின்றனவா என்று பார்ப்பதே வழி.

பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகியவுடன், கார் பதிவு செய்து வைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளை (கோடுகளை) அழித்துவிடுவது மெக்கானிக்குகளே செய்யும் தவறு. அழிப்பதற்கு முன் அவற்றை எழுதி வைக்க வேண்டும். ஏனெனில் கோடு எந்தச் சுற்றில் கோளாறு என்று காட்டுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜினை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகள் அவற்றில் வராது. விற்பவர் முந்தின நாள் கோடுகளை அழித்திருந்தால், விளக்கு எரியாவிட்டாலும், காரின் சுயபரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டிக் கொடுத்துவிடும்.

ஸ்கேனர் இல்லாமலும் ஒன்றைச் சோதிக்கலாம். இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், யாரோ அந்த விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். எரிந்து அணையாமல் நின்று, கூடவே ஹாரனும் ஸ்டீயரிங் பட்டன்களும் வேலை செய்யாவிட்டால், ஸ்டீயரிங்கின் அடியில், அது திரும்பும்போதும் மின் இணைப்பு அறுபடாமல் வைத்திருக்கும் சுருளான கிளாக் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஏர்பேக் வயர்களில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது. பை வெடித்து விரியக்கூடும். அது பயிற்சி பெற்றவரின் வேலை.

சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று மஞ்சள் நிற 20 ஆம்பியரைச் செருகுவதும், அதைவிட மோசமாக சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவதும், ஃபியூஸுக்குப் பதிலாக வயரை எரிய வைக்கும்.

புதிதாக ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டிய கார் இரண்டு மூன்று நாள் நின்றாலே ஸ்டார்ட் ஆகாவிட்டால், பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன், சாவியோடு அணைய வேண்டிய சிவப்பு வயரையும் எப்போதும் மின்சாரம் வரும் மஞ்சள் வயரோடு முறுக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். காரைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, பேட்டரியிலிருந்து கசியும் மின்னோட்டத்தை அளந்தால், பெரும்பாலான கார்களில் அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில கார்களில் ஸ்டீரியோ ரகசிய எண்ணைக் கேட்கும். ஒரே தொடுதலில் ஏறும் கண்ணாடி பாதியில் நிற்கும். இவை பழுதுகள் அல்ல. பல கார்களில் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, பட்டனைச் சில நொடிகள் விடாமல் பிடித்திருந்தால் அது மீண்டும் பழகிக்கொள்ளும். ஸ்டீரியோவின் எண்ணை மட்டும் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே பழைய உரிமையாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.